இன்னும் பத்து ஆண்டில் பைபாஸ் இருக்காதாமே, அதுவரை தள்ளிப்போடலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. புவனகிரி பக்கம் சொந்த நிலத்தில் விவசாயம். 17 ஆண்டுகளாகச் சர்க்கரை. இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்களோடு இருக்கிறார். போன மாதம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது மார்பை யாரோ கயிறு போட்டு இறுக்குவதுபோல் இருக்கிறது என்று மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். புதுச்சேரியில் ஆஞ்சியோ எடுத்தோம். மூன்று குழாய்களிலும் அடைப்பு, பைபாஸ்தான் வழி என்றார் மருத்துவர். இன்னோர் இடத்தில் காட்டினால், நான்கு ஸ்டென்ட் வைத்தே சரிசெய்துவிடலாம், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். துபாயில் இருக்கும் என் தம்பி, “பைபாஸ் பழைய காலத்து வைத்தியம், இன்னும் பத்து ஆண்டில் அதுவே இருக்காது. இப்போதைக்கு ஸ்டென்ட் வைத்துத் தள்ளுவோம், அதற்குள் ரோபோவோ மாத்திரையோ வந்துவிடும்” என்கிறான். அப்பா யார் எது சொன்னாலும் தலையாட்டுகிறார். நெஞ்சைப் பிளக்கும் வைத்தியம் இந்தக் காலத்திலும் தேவையா? ரிப்போர்ட்டின் நகலை இணைத்திருக்கிறேன்.
— ஒரு பள்ளி ஆசிரியை, கடலூர்

பதில்: முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். என் பதிலை எடைபோட அது உங்களுக்கு உதவும். நான் கத்தி பிடிக்கும் சர்ஜன் அல்ல. மணிக்கட்டு வழியாகக் கம்பியை ஏற்றி, பலூன் ஊதி, ஸ்டென்ட் வைக்கிற இதய மருத்துவன். 26 ஆண்டுகளாகப் புதுச்சேரியில் இதே வேலை. உங்கள் அப்பா ஸ்டென்ட் வைத்துக்கொண்டால் வருமானம் என்னைப் போன்றவனுக்கு; பைபாஸ் செய்துகொண்டால் மாடியில் இருக்கும் சர்ஜனுக்கு. அப்படிப்பட்ட நான் சொல்கிறேன்: நீங்கள் எழுதியிருக்கும் விவரப்படி உங்கள் அப்பாவுக்குப் பைபாஸ்தான் நல்லது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. நீங்கள் அனுப்பியது ரிப்போர்ட் தாள். எனக்கு வேண்டியது ஆஞ்சியோவின் சிடி. முன்பக்கக் குழாயின் தொடக்கத்தில் 90, பக்கவாட்டுக் குழாயில் 80, வலது குழாய் முழுவதும் 100 என்று தாளில் இருக்கிறது. இந்த எண்களைக் கேட்டுத்தான் வீடுகளில் தூக்கம் போகிறது. ஆனால் இவை பெரும்பாலும் கண்ணளவு. படம் பார்த்த மருத்துவர் மனத்தில் போட்ட மதிப்பு. ஒருவர் 70 என்பதை இன்னொருவர் 60 என்பார். அடைப்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம், கிளை பிரியும் இடத்தில் இருக்கிறதா, சுண்ணாம்பு படிந்து கெட்டித்திருக்கிறதா, அதற்கு அப்பால் குழாய் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் ஓடும் படத்தில்தான் தெரியும். சிடியைக் கேட்டு வாங்கி வையுங்கள். அது உங்கள் சொத்து.

இனி, அப்பாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று பார்ப்போம். அவர் புவனகிரிக்காரர் என்று எழுதியிருப்பதால் எனக்கு வேலை எளிது. கடைமடை விவசாயிக்கு இதயத்தை விளக்குவதுபோல் சுலபம் வேறில்லை.

இதயத்துக்குத் தண்ணீர் பாயும் மூன்று வாய்க்கால்கள் என்று சொல்லுங்கள். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயான மகா தமனிதான் ஏரி, அதன் மதகிலிருந்து வாய்க்கால்கள் பிரிகின்றன. நோய் பெரும்பாலும் எங்கே பிடிக்கிறது? மதகுக்குப் பக்கத்தில், தலைமடையில், முதல் சில சென்டிமீட்டருக்குள். அங்கே மண் சரிந்து மேடு தட்டினால் கடைமடைப் பயிர் காய்கிறது. ஸ்டென்ட் என்பது அந்த மேட்டை ஒதுக்கி, கரை மறுபடி சரியாமல் இரும்பு வளையம் வைப்பது. ஓர் இடத்தில் மேடு இருந்தால் அருமையான வேலை. ஆனால் கரை முழுவதும் இளகிப்போன வாய்க்காலில் இன்று இங்கே வளையம் வைப்பீர்கள். அடுத்த ஆண்டு பத்தடி தள்ளிச் சரியும். பைபாஸ் அந்த மேட்டைத் தொடுவதே இல்லை. வேறு மதகிலிருந்து புதிய வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து, தலைமடையைத் தாண்டி, நல்ல இடத்தில் சேர்த்துவிடுகிறது. அதன் பிறகு தலைமடையில் இன்னும் நான்கு இடம் சரிந்தாலும் கடைமடைக்குக் கவலை இல்லை.

சர்க்கரை நோயாளியின் குழாய்கள் இளகிய கரைதான். ஓர் இடத்தோடு நோய் நிற்பதில்லை. இன்று இருக்கும் அடைப்புக்கு ஸ்டென்ட் போதும். நாளை வரப்போகிற அடைப்புக்கு அதனிடம் பதில் இல்லை. பைபாஸ் இரண்டுக்கும் சேர்த்து வழி செய்கிறது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக அது செத்துவிடும் செத்துவிடும் என்று சொல்லியும் சாகாமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் கருத்து.

உவமையை இன்னும் கொஞ்சம் இழுக்கலாம், அப்பா ரசிப்பார். கடைமடை வாய்க்காலே தூர்ந்து நூலாகப் போயிருந்தால் புதிய வாய்க்காலைக் கொண்டுபோய் எங்கே சேர்ப்பது? அப்படிப்பட்டவர்களுக்குப் பைபாஸும் பயன்படாது. அதேபோல், பழைய வாய்க்காலில் தண்ணீர் தாராளமாக ஓடிக்கொண்டிருக்கும்போது அவசரப்பட்டுப் புதியது வெட்டினால், அதில் ஓட்டம் இல்லாமல் அது சுருங்கி மூடிக்கொள்ளும். 50 சதவீத அடைப்புக்கெல்லாம் பைபாஸ் போடக் கூடாது என்று சர்ஜன்கள் சொல்வது இதனால்தான். கண்ணளவில் சந்தேகம் வரும் இடத்தில் அழுத்தம் அளக்கும் மெல்லிய கம்பியை அடைப்பைத் தாண்டி இறக்கிப் பார்ப்போம். முன்னும் பின்னும் உள்ள அழுத்த விகிதம் 0.80-க்கு மேல் இருந்தால் பொதுவாக அந்த அடைப்பைத் தொட வேண்டியதில்லை.

தம்பியின் வாதத்துக்கு வருவோம். பைபாஸ் பழைய வைத்தியம் என்கிறார். வயதாகிவிட்டது என்பது உண்மைதான். காலிலிருந்து எடுத்த சிரையைக் கொண்டு இதயக் குழாய்க்கு மாற்றுவழி அமைக்கும் முறையை அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் அர்ஜென்டினா சர்ஜன் ரெனே ஃபவலோரோ 1967-இல் நிலைநிறுத்தினார். 1975-இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்தார். ஆனால் பலூன் மட்டும் நேற்றுப் பிறந்த குழந்தையா? 1977 செப்டம்பரில் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் 38 வயதுக்காரர் ஒருவருக்கு முதன்முதலில் இதயக் குழாயில் பலூன் ஊதினார். இரண்டுக்கும் இடையே பத்து வயதுதான் வித்தியாசம். அண்ணன் தம்பி மாதிரி.

அந்தத் தம்பி பிறந்த நாளிலிருந்து அண்ணனுக்குக் கருமாதி தேதி குறித்துக்கொண்டே இருக்கிறார்கள். குறித்தவர்களில் நானும் ஒருவன். 1986-இல் ஸ்டென்ட் வந்தது. ஊதிவிட்ட குழாய் மறுபடி சுருங்கும் தொல்லை குறைந்தது. 2003 வாக்கில் மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தபோது நான் தொழிலுக்குப் புதிது. சர்ஜன்கள் இனி வால்வு மாற்றிப் பிழைக்கவேண்டியதுதான் என்று ஸ்டென்ட் வைக்கும் கூடமான கேத் லேபில் தேநீர் குடித்துக்கொண்டு சிரித்திருக்கிறோம். பிறகு கரையும் ஸ்டென்ட் வந்தது. இரண்டு மூன்று ஆண்டில் தானே கரைந்து போகும், குழாயில் உலோகமே இருக்காது என்றார்கள். செய்தித்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நோயாளிகள் அதைத்தான் கேட்டார்கள். நானும் சிலருக்கு வைத்தேன். சாதாரண ஸ்டென்டைவிட அதில் ரத்தம் உறைவது அதிகம் என்று தெரிய வந்ததும் 2017-இல் அதைத் தயாரித்த நிறுவனமே விற்பனையை நிறுத்திக்கொண்டது. பத்து ஆண்டில் என்ன வரும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் எனக்கு அந்த ஸ்டென்ட்தான் நினைவுக்கு வருகிறது.

இந்தச் சண்டையில் இரு தரப்பும் வாயால் பேசியது போதும் என்று பெரிய ஆய்வுகளை நடத்தினார்கள். உங்கள் அப்பாவைப் போன்றவர்களை மட்டும் எடுத்துச் செய்த ஆய்வு ‘ஃப்ரீடம்’, 2012-இல் வெளிவந்தது. சர்க்கரையும் ஒன்றுக்கு மேற்பட்ட குழாய்களில் அடைப்பும் உள்ள 1,900 பேரைச் சீட்டுப் போட்டுப் பிரிப்பதுபோல் இரு பங்காகப் பிரித்தார்கள். 5 ஆண்டு முடிவில் ஸ்டென்ட் தரப்பில் நூற்றுக்கு 16.3 பேர் இறந்திருந்தார்கள். பைபாஸ் தரப்பில் 10.9 பேர். மாரடைப்பு அங்கே 13.9, இங்கே 6. ஆனால் பக்கவாதத்தில் கணக்கு திரும்புகிறது: ஸ்டென்டில் 2.4, பைபாஸில் 5.2. இந்தக் கடைசி எண்ணையும் அப்பாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பைபாஸ் தரும் ஆயுளுக்கு அது கேட்கும் விலை அதில் இருக்கிறது.

அது அந்தக் காலத்து ஸ்டென்ட், இப்போது வருவது வேறு என்று என் சகாக்கள் சொல்வார்கள். நியாயம்தான். இன்றைய ஸ்டென்டை வைத்து, அழுத்தக் கம்பியால் அளந்து, மூன்று குழாய் அடைப்பு உள்ள 1,500 பேரிடம் செய்த ஆய்வு ‘ஃபேம் 3’. முதல் ஆண்டில் பைபாஸே முந்தியது. 5 ஆண்டு முடிவில் மரணம், பக்கவாதம், மாரடைப்பு மூன்றையும் கூட்டிப் பார்த்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இடைவெளி சுருங்கிவருகிறது, தம்பி சொல்வதில் அவ்வளவு உண்மை இருக்கிறது. ஆனாலும் தனியாகப் பார்த்தால் மாரடைப்பும், மறுபடி மருத்துவமனைக்கு வந்து குழாயைத் திறந்துகொள்ள வேண்டிய நிலையும் ஸ்டென்ட் தரப்பில்தான் கூடுதல். அதில் சேர்ந்தவர்களில் சர்க்கரை உள்ளவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

தம்பி இணையத்தில் தேடுபவர் என்றால் இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டிருக்கும். 2021-இல் அமெரிக்க இதயவியல் அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டு நெறியில், மூன்று குழாய் அடைப்புக்குப் பைபாஸ் ஆயுளைக் கூட்டும் என்ற பரிந்துரையை இறக்கி வைத்தார்கள். அந்நாட்டு இதய அறுவை மருத்துவர் சங்கங்கள் கோபித்துக்கொண்டு ஒப்புதல் தர மறுத்தன. பெரிய வீட்டுப் பங்காளிச் சண்டைதான். ஆனால் அதே ஏட்டில், சர்க்கரை இருந்து, பல குழாய் அடைப்பில் முன்பக்கக் குழாயும் சேர்ந்திருந்தால் பைபாஸே முதல் தேர்வு என்று இருக்கிறது. சண்டை போட்டவர்களுக்கும் அந்த வரியில் சண்டை இல்லை. உங்கள் அப்பா நிற்பது அந்த வரியில்.

எண்களை விடுங்கள். என்னிடம் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் உங்கள் ஊர்ப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். ஐம்பத்தெட்டு வயது, கடை வைத்திருந்தார், சர்க்கரை. மூன்று குழாய்களிலும் அடைப்பு. பைபாஸ் என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் கல்யாணம் இரண்டு மாதத்தில், மார்பில் தையலோடு பந்தலில் நிற்க முடியாது என்றார். நான் இளகிவிட்டேன். இளகியது மட்டும் காரணமில்லை. என்னால் முடியும் என்று காட்டவும் ஆசை. நான்கு ஸ்டென்ட். முன்பக்கக் குழாயில் மட்டும் ஒன்றன் மேல் ஒன்று ஏறியதுபோல் இரண்டு. கடைசிப் படம் கண்ணாடிபோல் இருந்தது. செல்பேசியில் பிடித்து வைத்துக்கொண்டேன். கல்யாணமும் நன்றாக நடந்தது, சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

பதினான்காம் மாதம் திரும்பி வந்தார். ஒரு ஸ்டென்டுக்குள் சதை வளர்ந்து சுருங்கியிருந்தது. முதல் படத்தில் சுத்தமாக இருந்த ஓர் இடத்தில் புதிதாக அடைப்பு. இன்னும் ஒன்று வைத்தேன். அடுத்த ஆண்டு மாரடைப்போடு வந்தபோது சர்ஜனிடம் அழைத்துப்போனேன். அவர் சிடியை இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, “நீ நுனிவரைக்கும் தகடு அடித்து வைத்திருக்கிறாய். நான் எங்கே தைப்பது?” என்றார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. கிடைத்த இடத்தில் தைத்தார். கடைக்காரர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தின் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் அது வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம், 30-க்கு இறங்கிவிட்டது. அவர் கெஞ்சியது உண்மை. நான் மறுத்திருக்க முடியும் என்பதும் உண்மை.

‘இப்போதைக்கு ஸ்டென்ட், பிறகு தேவைப்பட்டால் பைபாஸ்’ என்று தம்பி சொல்வதில் எனக்குள்ள பயம் இதுதான். கேட்பதற்கு அது இரண்டு கதவையும் திறந்து வைப்பதுபோல் இருக்கிறது. நீளமான அடைப்புகளுக்கு வரிசையாக ஸ்டென்ட் வைத்துவிட்டால் இரண்டாவது கதவு பாதி மூடிக்கொள்கிறது. தைப்பதற்கு நல்ல குழாய் ஓர் அங்குலமாவது மிச்சம் இருக்க வேண்டும். காத்திருக்கும் காலத்தில் அப்பாவுக்கும் வயது 64-லேயே நிற்காது. சர்க்கரை சிறுநீரகத்தையும் தின்னும். பம்பிங் இன்று 45 என்று எக்கோவில் இருக்கிறது. இன்னொரு மாரடைப்பு வந்தால் அது இறங்கும். அறுவைக்குத் தாங்கும் உடம்பு இப்போது இருக்கிறது.

நெஞ்சைப் பிளப்பது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்தான் எல்லாரையும் ஓடவைக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை என் நோயாளிக்காக மாடியேறிப்போய்ப் பார்த்ததைச் சொல்கிறேன். ஆம், நெஞ்செலும்பை நீளவாக்கில் அறுக்கிறார்கள். அது நடக்கும்போது நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கும் பழக்கமில்லை. பிறகு நெஞ்செலும்பின் உட்பக்கத்தை ஒட்டி இறங்கும் ஒரு தமனியைச் சர்ஜன் மெதுவாகப் பிரித்தெடுத்தார். இடது மார்பு உட்தமனி. அகலம் இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். உடம்பில் எல்லாக் குழாயிலும் கொழுப்பு படியும் மனிதனுக்கும் இதில் மட்டும் அநேகமாகப் படிவதில்லை. அதன் மேல்முனையை வெட்டுவதில்லை. மரத்தோடு இருக்கும் கிளையை வளைப்பதுபோல் கீழ்முனையை மட்டும் விடுவித்து இதயத்துக்குக் கொண்டுவந்தார்.

இதயத்தை நிறுத்தவில்லை. உறிஞ்சும் குமிழ்கள் உள்ள கவட்டைபோன்ற ஒரு கருவியை இதயத்தின் மேல் வைத்தார்கள். சுற்றிலும் இதயம் துள்ளிக்கொண்டிருக்க, அந்தக் கவட்டைக்கு நடுவே ஒரு ரூபாய் நாணயம் அளவு இடம் மட்டும் அசையாமல் நின்றது. உதவியாளர் மெல்லிய காற்றை ஊதி ரத்தத்தை விலக்கிக்கொண்டே இருந்தார். தலைமுடிபோன்ற நூல். கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடி. சர்ஜன் பத்துப் பன்னிரண்டு தையல் போட்டார். முடிச்சு போட்டுக் கவ்வியை எடுத்தபோது தமனி ஒருமுறை துடித்து நிமிர்ந்தது. அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் அடுத்ததற்குப் போய்விட்டார். இந்த ஒரு இணைப்புக்குத்தான் இவ்வளவு மரியாதை. பத்து ஆண்டு கழித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது திறந்தே இருக்கிறது. காலிலிருந்து எடுக்கும் சிரைக்கு அந்த ஆயுள் கிடையாது; ஏறக்குறைய பாதி பத்து ஆண்டுக்குள் கெட்டுவிடும்.

எதிர்காலம் என்று நீங்கள் கேட்பதற்கு இங்கிருந்துதான் பதில் தொடங்குகிறது. பைபாஸ் ஒழியாது, குறையும். ஒரு குழாய், இரண்டு குழாய் என்று எளிய அடைப்புகள் எல்லாம் ஏற்கெனவே எங்கள் பக்கம் வந்துவிட்டன. சர்ஜனிடம் இனிப் போகிறவர்கள் சர்க்கரைக்காரர்கள், பம்பிங் குறைந்தவர்கள், என்னைப் போன்றவன் ஏற்கெனவே கைவைத்தவர்கள். வேலை குறைந்து கடினம் கூடுகிறது. அதனால் சிரையை விட்டுவிட்டு முன்கைத் தமனி, வலது மார்புத் தமனி என்று நீடிக்கும் குழாய்களையே பயன்படுத்தும் பழக்கம் வளர்கிறது. மகா தமனியைத் தொடாமல் செய்தால் பக்கவாதம் குறைகிறது என்பதால் அந்த முறையும் பரவுகிறது. எனக்குள்ள கவலை வேறு: இந்த நுணுக்கத்தைக் கையில் பழகிக்கொள்ள இளம் சர்ஜன்களுக்குப் போதுமான எண்ணிக்கையில் அறுவைகள் கிடைக்குமா? தையற்காரன் கை ஓடிக்கொண்டே இருந்தால்தான் வளையும்.

எங்கள் பக்கமும் சும்மா இல்லை. குழாய்க்குள்ளேயே ஒளியாலும் ஒலியாலும் படம் எடுத்து ஸ்டென்ட் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறோம். நான் கடைக்காரருக்கு வைத்த நாளில் அதை நான் பயன்படுத்தவில்லை. சிறுநீரகக் கல்லை அதிர்வலையால் உடைப்பார்களே, அதே தத்துவத்தில் குழாயில் கெட்டித்த சுண்ணாம்பை உடைக்கும் பலூன் வந்துவிட்டது. உலோகமே வைக்காமல் மருந்தை மட்டும் தடவிவிட்டு வெளியேறும் பலூனும் இருக்கிறது. விலையும் இறங்கியது: 2017-இல் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தபோது லட்சத்தைத் தாண்டி விற்ற மருந்து ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு வந்தது. அதில் ஒரு பக்கவிளைவும் உண்டு. ஸ்டென்ட் மலிவானதும் எங்களுக்குக் கை கொஞ்சம் நீளமாகிவிட்டது.

தம்பி சொன்ன ரோபோ புதிதல்ல. 1998-லேயே பாரிஸில் ரோபோ உதவியோடு மார்பைத் திறக்காமல் பைபாஸ் செய்துவிட்டார்கள். கால் நூற்றாண்டு கடந்தும் அது சில மையங்களில்தான் நடக்கிறது. அதிகமும் முன்பக்கக் குழாய் ஒன்றுக்கு. விலா எலும்புகளுக்கு இடையே சிறிய கீறலில் அந்த ஒரு நல்ல தமனியை மட்டும் தைத்துவிட்டு, மற்ற குழாய்களுக்கு நாங்கள் ஸ்டென்ட் வைக்கும் கலப்பு முறையும் உண்டு. எனக்குப் பிடித்த வழி அது. அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் சமைப்பதுபோல். உங்கள் அப்பாவுக்குப் பொருந்துமா என்பதை, முழுவதும் மூடிக்கிடக்கும் வலது குழாயைக் கம்பியால் திறக்க முடியுமா என்பதுதான் முடிவுசெய்யும். சிடி கேட்டது அதற்காகவும்தான்.

மாத்திரை வந்துவிடும் என்றாரே, அது வந்தே விட்டது. யாரும் கவனிக்கவில்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி, இதயத்தையும் சிறுநீரகத்தையும் சேர்த்துக் காக்கும் புதிய சர்க்கரை மாத்திரைகள். 2020-இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வில் 5,179 பேர். நிலையாக இருக்கும் நோயாளிகளில், உடனே ஸ்டென்டோ பைபாஸோ செய்தவர்களுக்கும், மருந்தோடு தொடங்கித் தேவைப்பட்டால் மட்டும் செய்தவர்களுக்கும் மரண எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை. என் தொழிலுக்கும் சர்ஜன் தொழிலுக்கும் உண்மையான போட்டி மருந்துக்கடையில் இருக்கிறது. அப்படியானால் அப்பாவுக்கும் மருந்தே போதாதா என்று கேட்பீர்கள். மூன்று குழாய்கள், சர்க்கரை, குறைந்த பம்பிங், மருந்து சாப்பிட்டும் நடந்தால் இறுக்கம் என்று நான்கும் சேர்ந்த ஆளுக்கு அது போதாது. ஆனால் பைபாஸ் முடிந்தபின் அதே மாத்திரைகள் ஆயுள் முழுவதும் வேண்டும். அறுவை ஆகிவிட்டதே என்று நிறுத்துகிறவர்கள்தான் என்னிடம் திரும்ப வருகிறார்கள்.

எப்போது நான் ஸ்டென்ட் பக்கம் சாய்வேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் கேள்வியே இல்லை, கம்பிதான். அப்பாவுக்கு முன்பே பக்கவாதம் வந்திருந்தால், நுரையீரல் கெட்டிருந்தால், எண்பதைத் தாண்டித் தள்ளாடினால் நான் வேறு பதில் எழுதியிருப்பேன். கழுத்துக் குழாய்களை ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கவாத பயத்துக்கு அது ஒரு தற்காப்பு. பீடி பற்றி நீங்கள் எழுதவில்லை. அவர் வயதுக்காரர்கள் மகளிடம் சொல்வதில்லை, கேட்டுப்பாருங்கள்.

சர்ஜனைப் பார்க்கும்போது வெட்கப்படாமல் கேளுங்கள்: மாதத்துக்கு எத்தனை பைபாஸ் செய்கிறீர்கள்? இதயத்தை நிறுத்தியா, நிறுத்தாமலா? எத்தனை தமனி, எத்தனை சிரை? நல்ல சர்ஜன் இதற்குக் கோபப்பட மாட்டார். முடிந்தால் இதய மருத்துவரும் சர்ஜனும் ஒரே மேசையில் படத்தைப் பார்த்துச் சொல்லட்டும். திட்டமிட்டுச் செய்யும் அறுவையில் உயிராபத்து நூற்றில் ஒன்றிரண்டு. மூன்று மாதச் சர்க்கரை அளவு 8.9 என்று இருக்கிறது. அறுவைக்கு முன் கொஞ்சம் இறக்கினால் மார்புத் தையல் நன்றாக ஆறும். ரத்தம் உறையாத மாத்திரைகளில் சிலவற்றைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எதை, எப்போது என்று எழுதி வாங்குங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பணம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. பைபாஸும் அதில் வரும். ஆனால் முள்ளோடையைத் தாண்டினால் வேறு அரசு. நீங்கள் சேரப்போகும் புதுச்சேரி மருத்துவமனையில் தமிழ்நாட்டு அட்டை செல்லுமா என்று சேர்க்கைக்கு முன்பே காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள். பக்கத்து ஊர்தானே என்று நினைத்து வந்து நிற்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

சம்பா நடவுக்கு வரப்பில் நிற்க முடியுமா என்று அப்பா கேட்டதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அறுத்த நெஞ்செலும்பு ஒன்றுசேர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை குடம் தூக்கக் கூடாது, இரண்டு சக்கர வண்டி கூடாது, கையை ஊன்றி எழுந்திருக்கக் கூடாது. மூன்றாம் மாதம் வரப்பில் நிற்கலாம், ஆட்களை அதட்டலாம். காலில் சிரை எடுத்த தையல் முழுவதும் ஆறி, சர்ஜன் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை சேற்றில் மட்டும் இறங்க வேண்டாம். சர்க்கரைக்காரர் கால், வயல் சேறு, ஆறாத தையல் மூன்றும் சேரக் கூடாது. இந்த ஆண்டு நாற்றை வரப்பிலிருந்தே எண்ணட்டும்.